ரங்கூனுக்கு வந்த ஏடுகள் – 12: சுவிசேஷத்துக்கு ஒரு சைவ உரை

1898இல் லண்டனின் கீகன் பால் பதிப்பகம் ஆங்கிலத்தில் ஒரு மத்தேயு உரையை வெளியிட்டது. ஸ்ரீ பரானந்தர் என்பவர் தம் தெய்வ அனுபவத்தைத் துணைகொண்டு ஆர். எல். ஹாரிசனுக்குச் சொன்ன விளக்கம் என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். பரானந்தர் யார் என்று தேடிப்போனால் கொழும்பில் வந்து நிற்போம். இலங்கை அரசின் சொலிசிட்டர் ஜெனரல், யாழ்ப்பாணத்து மானிப்பாய் வழிவந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை, பொன்னம்பலம் இராமநாதன்தான் அவர். ஞானஸ்நானம் பெற்றவரல்லர், கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார். 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் அதே பரானந்தர் பெயரில் உரை வந்தது. அந்தத் தலைப்பில் ஞானயோகத்தின் ஒளியில் சொன்ன விளக்கம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு உரைகளுக்கும் அடிப்படை ஒன்றே. இயேசு பேசியவை மனிதனின் உள்நிலைகளைப் பற்றிய பேச்சுகள். பரலோக ராஜ்யம், வெளிச்சம், இருள், மரணம், மறுபிறப்பு, அப்பம், தண்ணீர் ஆகிய எல்லாமே உயிர் தனக்குள் காணும் நிலைகளைச் சுட்டுகின்றன. கிறிஸ்து என்பது ஒருவரின் பெயராக மட்டும் நிற்பதில்லை; மாசு நீங்கிப் புனிதமான ஆவி எட்டும் நிலையும் அதுவே. இந்த அனுபவம் கிடைத்தவருக்குச் சுவிசேஷம் தானாகவே விளங்கும், கிடைக்காதவருக்கு எத்தனை மொழி கற்றாலும் பூட்டிய கதவாகவே இருக்கும் என்பது இராமநாதனின் உறுதி. லூக்கா 11ஆம் அதிகாரத்தில் அறிவின் திறவுகோலை எடுத்துப்போட்ட நியாயசாஸ்திரிகளை இயேசு கடிந்துகொள்கிறார் அல்லவா, அந்தத் திறவுகோலைத்தான் மேற்கத்திய திருச்சபைகள் தொலைத்துவிட்டன என்று அவர் வாதிட்டார்.

சென்ற இதழில் ஆறுமுக நாவலரோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்தே இந்தக் கதைக்கு நூல் பிடிக்க வேண்டும். நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. வேதாகமத்தை அத்தனை நெருக்கமாகப் படித்த கையோடு அவர் சைவத்தின் பக்கம் நின்று வாதிடப் போனார். 1854இல் வந்த ‘சைவதூஷண பரிகாரம்’ அந்தப் படிப்பின் விளைச்சல். சைவரின் கோயிலையும் விளக்கையும் தூபத்தையும் அபிஷேகத்தையும் பாதிரிமார் பழித்தபோது, உங்கள் பழைய ஏற்பாட்டில் எருசலேம் ஆலயத்தில் நடந்தது என்ன என்று அதிகாரமும் வசனமும் காட்டிக் கேட்டார். வேதாகமம் அவர் கையில் சாட்சிப் பத்திரம்.

இராமநாதன் அந்த நாவலரின் ஆசி பெற்றவர். 1879 மே மாதம் முத்து குமாரசுவாமி காலமானபோது சட்ட நிரூபண சபையில் தமிழருக்கான இடம் காலியானது. முத்து குமாரசுவாமி இராமநாதனுக்குத் தாய்மாமன். பாலி மொழியிலிருந்து சுத்த நிபாதத்தை ஆங்கிலத்தில் தந்தவர். ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. அந்த இடத்துக்கு இருபத்தெட்டு வயது இராமநாதனே தகுதியானவர் என்று நாவலர் யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டிப் பேசினார். இடமும் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாவலர் மறைந்தார். ஒரு தலைமுறைக்குள், அதே சைவ வட்டத்துக்குள், வேதாகமத்தின்மீது இப்படி ஒரு மாற்றம் நிகழ்ந்ததை நான் மிகப் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். நாவலர் அதை எதிராளியின் நூலாகப் படித்தார். இராமநாதன் அதைத் தம் குருவின் வாக்கோடு சேர்த்துவைத்துப் படித்தார்.

குரு என்றது தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளை. பரானந்தர் என்று இராமநாதன் வைத்துக்கொண்ட புனைபெயரிலேயே குருவின் நிழல் தெரிகிறது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் அந்நாளில் தஞ்சைப் பக்கத்து ஞானிகளைத் தேடிப் போவதும், அவர்களைக் கடல் கடந்து அழைத்துவந்து வீட்டில் வைத்துப் பாடம் கேட்பதும் வழக்கமாக இருந்தன. இராமநாதனின் தம்பி அருணாசலம், தம் கேம்பிரிட்ஜ் நண்பரான ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்பெண்டரை வரவழைத்துக் குருநாகலில் இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் அழைத்துப்போனார். கார்பெண்டர் 1892இல் எழுதிய இலங்கை, இந்தியப் பயண நூலில் அந்தச் சந்திப்புக்குச் சில அதிகாரங்கள் ஒதுக்கியிருக்கிறார். எண்ணங்களை ஒவ்வொன்றாக அடக்கி, அடக்கியபின் எஞ்சுவது எது என்று பார்க்கும் பயிற்சியை ஒரு ஆங்கிலேயர் தமிழ் ஆசிரியரிடம் கற்ற விவரம் அதில் இருக்கிறது.

இனி உரையின் அமைப்புக்கு வருவோம். ஹாரிசன் ஆஸ்திரேலியப் பெண்மணி. ஆன்மிகத் தேடலோடு கிழக்கே வந்து இராமநாதனிடம் மாணவியானவர். ஆசிரியர் சொல்ல, மாணவி கேட்டு எழுதிப் பதிப்பிக்கும் முறை நமக்குப் புதியதன்று. திருமுறைக்கும் சித்தாந்த சாத்திரத்துக்கும் தமிழ்நாட்டு மடங்களில் பாடம் சொன்னது அப்படித்தான். மூலத்தை வைத்துக்கொண்டு, தொடர் தொடராகப் பிரித்து, இந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கிறது, முன் எங்கே வந்தது, எந்த நிலையில் இருப்பவனுக்குச் சொன்னது என்று விளக்கிப் போவது நம் உரையாசிரியர் மரபு. அந்தக் கையைத்தான் மத்தேயுவின்மேல் இராமநாதன் வைத்தார். பின்னாளில் பகவத் கீதைக்கும் அவர் தமிழில் உரை கண்டார்.

சைவ சித்தாந்தத்தில் உள்நிலைகளுக்குத் துல்லியமான பெயர்கள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரத்தில் செய்த சிவஞானபோதம் உயிரின் அவத்தைகளைப் பேசுகிறது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று ஐந்து. ஆணவத்தோடு மட்டும் கிடக்கும் கேவலம், உடலும் கருவியும் பெற்று உலகில் உழலும் சகலம், மலம் நீங்கிய சுத்தம் என்று மூன்று. ஒருவன் கோபத்தில் இருக்கிறான், பயத்தில் இருக்கிறான் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், அந்த நேரத்தில் உயிர் எதைப் பற்றி நிற்கிறது, எது அதை மறைக்கிறது என்று கேட்கும் சட்டகம் இது. இதைக் கற்ற ஒருவர் சுவிசேஷத்தைத் திறந்தால் கண்ணில் படுவது வேறு.

மத்தேயு 8ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். இது இராமநாதன் உரையின் பகுதி அல்ல. இந்த வகை வாசிப்பு எப்படி நடக்கும் என்று காட்ட நான் தேர்ந்தது. சீஷர்கள் படகில் போகிறார்கள். புயல் எழுகிறது. அலை படகை மூடுகிறது. இயேசுவோ தூங்குகிறார். எழுப்புகிறார்கள். அவர் காற்றையும் கடலையும் அதட்டுகிறார், பேரமைதி உண்டாகிறது. கலிலேயா ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. மலை இடுக்குகளிலிருந்து திடீரென்று காற்று இறங்குவது அங்கே மீன் பிடித்தவர்கள் அறிந்த அபாயம். அப்படிப்பட்ட ஏரியில் நடந்த சம்பவம் இது என்று நேராகப் படிக்கலாம். உள்முகமாகப் படிப்பவர் படகை உடலாகவும் ஏரியை மனமாகவும் காற்றைக் கோபம், அச்சம் முதலிய வேகங்களாகவும் கொள்வார். பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குபவர் உள்ளே இருந்தும் விழிக்காத அறிவு. இந்தத் தலையணையையும் பின்னணியத்தையும் மாற்குதான் குறித்துவைத்திருக்கிறார். புயல் வரும்போது மட்டும் நாம் அவரைத் தேடுகிறோம் என்பதும், தேடி எழுப்பினால் அவர் முதலில் கேட்பது ஏன் பயந்தீர்கள் என்றுதான் என்பதும் இந்த வாசிப்பில் புதிய கனம் பெறுகின்றன.

இதைக் கீழை நாட்டுக் கற்பனை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. 354 முதல் 430 வரை வாழ்ந்த ஹிப்போ நகர் ஆயர் அகஸ்டின் இதே பகுதியைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஒருவன் உன்னைத் திட்டினால் அது காற்று, உனக்குக் கோபம் வந்தால் அது அலை, உன் உள்ளத்தில் கிறிஸ்து தூங்குவதால்தான் படகு தத்தளிக்கிறது, அவரை எழுப்பு என்று தம் சபையாருக்குப் புத்தி சொன்னார். அவருக்கும் முன்பே, மூன்றாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியாவில் ஓரிகன், மனிதனுக்கு உடல், உயிர், ஆவி இருப்பதுபோல் வேதத்துக்கும் மூன்று அடுக்குப் பொருள் உண்டு என்று எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டின் துறவி காசியான் எருசலேம் என்ற ஒரு பெயரையே நான்காகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்: யூதரின் நகரம், திருச்சபை, பரம நகரம், மனித ஆன்மா. மத்தேயு 25இல் வரும் பத்துக் கன்னியரை ஐம்புலன்களோடு சேர்த்துப் பொருள் சொன்ன பழைய உரையாசிரியர்களும் உண்டு.

ஆகவே இராமநாதன் செய்ததைத் திருச்சபைக்கு அந்நியமான செயலாகப் பார்க்க என்னால் முடியவில்லை. திருச்சபை தானே ஒரு காலத்தில் கைக்கொண்டு, பின்னர் ஓரங்கட்டிய வாசிப்பு அது. ஐரோப்பாவில் சீர்திருத்தம் வந்தபின் புராட்டஸ்டன்ட் போதகர்கள் வசனத்தின் நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகளும் அந்த வழியினர். அவர்கள் பள்ளிகளில் படித்த சைவப் பிள்ளைகள் வேதாகமத்தைச் சரித்திரமாகவும் கட்டளையாகவும்தான் கேட்டார்கள். உள்ளே பார்க்கச் சொல்லும் வாசிப்பு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு சைவரின் கையால் என்பதில் வரலாற்றின் நியாயம் ஒன்று இருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடமும் இதற்கு வேறொரு வாசல் திறந்திருந்தது. பாளையங்கோட்டைப் பக்கத்து எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் மோட்சப் பயண நூலைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். அதில் வரும் சதுப்பும் மலையும் கோட்டையும் நகரமும் எல்லாம் மனத்தின் இடங்கள். நம்பிக்கை இழப்பு ஒரு சேறு, ஐயம் ஒரு கோட்டை. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். பனியனும் கிருஷ்ண பிள்ளையும் புதிதாக ஒரு உருவகக் கதை செய்தார்கள். சுவிசேஷத்தை அவர்கள் உருவகமாக்கவில்லை. இயேசு சிலுவையில் மரித்தது அவர்களுக்கு நடந்த செய்தி, அதன்மேல்தான் முழுப் பயணமும் நிற்கிறது. இராமநாதன் அந்த எல்லையைத் தாண்டினார். அதனால்தான் மிஷன் வட்டாரம் அவரைத் தம்மவராக ஏற்கவில்லை.

இனி இந்த ஏடு ரங்கூனைத் தொட்ட வழி.

1900இல் ஆலன் பென்னட் என்ற ஆங்கிலேய இளைஞர் கொழும்புக்கு வந்தார். 1872இல் பிறந்தவர், ரசாயனம் படித்தவர், ஆஸ்துமாவால் வாடியவர். லண்டனில் கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவில் இருந்தபோதே வேதத்தையும் யூத மறைநூல்களையும் குறியீடாகப் படிக்கப் பழகியவர். வெப்பநாட்டில் உடம்பு தேறும் என்று வந்தவருக்கு இராமநாதன் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை கொடுத்தார். பிள்ளைகளுக்கு அவர் ஆசிரியர். தகப்பனுக்கு அவர் மாணவர். பிராணாயாமமும் தியானமும் அவர் கற்றது அங்கேதான். மத்தேயு உரை வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. யோவான் உரை வர இரண்டு ஆண்டு இருந்தது. மறு ஆண்டு அவரைத் தேடி வந்த நண்பர் அலெய்ஸ்டர் க்ரௌலி, பின்னாளில் தம் சுயசரிதையில், இயேசுவின் வாக்கை யோகப் பயிற்சியாக விளக்கும் உரைகளை எழுதியவர் என்றே இராமநாதனை நினைவுகூர்கிறார்.

பென்னட் இலங்கையில் தங்கவில்லை. 1901 இறுதியில் அரக்கான் கரையிலுள்ள அக்யாபுக்கு, இன்றைய சித்துவேக்கு, கப்பலேறினார். அங்கே பௌத்தத் துறவில் புகுந்து சாமணேரராகி, 1902 மே மாதம் கசொன் பௌர்ணமியில் முழுத் துறவான உபசம்பதா பெற்றார். ஆனந்த மெத்தேய்ய என்ற பெயரோடு ரங்கூனுக்கு வந்து, 1903 மார்ச்சில் புத்தசாசன சமாகம என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் ‘புத்திஸம்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் ரங்கூனிலிருந்து வெளிவந்தது. 1908இல் அவர் லண்டனுக்குப் போனது, ஐரோப்பிய மண்ணில் நடந்த முதல் பௌத்தத் தூதுகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. உடல்நிலை மீண்டும் கெட, 1914இல் காவியைக் களைந்தார். 1923இல் லண்டனில் வறுமையில் இறந்தார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இராமநாதனின் சுவிசேஷ உரையைப் பென்னட் ரங்கூனுக்குக் கொண்டுவந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். மெத்தேய்ய ஆனபின் அவர் கடவுட் கொள்கையையே விட்டுவிட்டவர். இயேசுவையும் சிவனையும் சேர்த்துப் படிக்கும் ஆசை அவரிடம் இருக்கவில்லை. அவர் கொண்டுவந்தது பயிற்சி. வேதத்துக்குச் சான்று அனுபவமே என்ற பிடிவாதம் கொழும்பு வீட்டில் அவர் கேட்டது. பௌத்தத்தில் அதைவிடக் கறாராகவே அவருக்குக் கிடைத்தது. அதற்கு ஏற்ற மண் அன்றைய பர்மா. 1846 முதல் 1923 வரை வாழ்ந்த லெடி சயாடோ அக்காலத்தில்தான் அபிதம்மத்தையும் தியானத்தையும் கியாங்கின், அதாவது மடத்தின், மதிலுக்கு வெளியே, இல்லறத்தாரிடம் கொண்டுவந்தார். மனத்தின் நிலைகளை 89 என்றும், விரித்தால் 121 என்றும், அவற்றோடு எழும் மனக்கூறுகளை 52 என்றும் எண்ணிவைத்த நூல் அபிதம்மம். கடையில் உட்காரும் வணிகரும் வீட்டுப் பெண்களும் அதைப் பாடம் கேட்ட நாடு இது.

தின்கன்ஜூனில் இருந்துகொண்டு இந்தத் தொடரை எழுதுகிறேன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன். சைக்கசான் பயாவின் பக்கத்துத் தெருக்களில் பட்டானப் பாராயணம் நடக்கும் நாள்களில் ஒலிபெருக்கி ராப்பகலாக ஓயாது. ஒரு மனநிலை எழ இன்னொன்று எப்படிக் காரணமாகிறது என்பதை 24 வகையாகச் சொல்லும் நூல் பட்டானம். ஹேதுபச்சயோ என்று தொடங்கும் அந்த வரிசையைப் பாலி தெரியாத நம் பிள்ளைகள்கூட முணுமுணுப்பார்கள். அதே நேரம் ஏதாவது ஒரு தமிழ் வீட்டில் குடும்ப ஜெபம் நடந்துகொண்டிருக்கும். ராச்சோற்றுக்கு முன் பாய் விரித்து, பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கறுப்பு அட்டை போட்ட பழைய மொழிபெயர்ப்பில் ஒரு சங்கீதம் வாசிப்பார். சிறுசுகள் கொட்டாவி விடும். சங்கீதங்களைப்போல் மனநிலைகளை ஒளிக்காமல் பேசும் நூல் வேதாகமத்தில் வேறில்லை. கைவிடப்பட்ட நிலை, பழிவாங்கும் வெறி, பாவத்தின் கூச்சம், தாயின் மடியில் பால்மறந்த குழந்தைபோல் அடங்கிய நிலை, எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் 24 பச்சயம், இந்தப் பக்கம் 150 சங்கீதம். இரண்டு வீட்டாரும் மோஹிங்கா கடையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். மனத்தைப் பற்றித் தங்கள் நூல் என்ன சொல்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை. இராமநாதனின் உரையை இன்று எடுத்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான். மதம் மாறாமலும் மாற்றாமலும் அடுத்தவர் வேதத்தை அனுபவ நூலாக மதித்துப் படிக்கலாம் என்று ஒரு தமிழர் செய்துகாட்டியிருக்கிறார்.

1905-06இல் இராமநாதன் அமெரிக்கா போனார். அங்கே பேசியவை ‘மேற்கத்திய மக்களிடையே ஆன்ம வளர்ச்சி’ என்ற பொருள்படும் தலைப்பில் 1906இல் நியூயார்க்கில் நூலாயின. ஹாரிசன் பின்னாளில் அவரை மணந்து லீலாவதி இராமநாதன் ஆனார். 1913இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரியைக் கணவருக்குப்பின் காத்தவரும் அவரே. மேற்கில் இந்த வகை உரைகள் பின்னர் பெருகின. இராமகிருஷ்ண மடத்துப் பிரபவானந்தர் மலைப்பிரசங்கத்துக்கு வேதாந்த உரை எழுதியது 1963இல்தான். அதைப் படித்தவர்களில் எத்தனை பேர், அறுபத்தைந்து ஆண்டுக்கு முன்பே கொழும்பில் ஒரு தமிழர் மத்தேயு முழுவதற்கும் உரை சொல்லியிருந்ததை அறிவார்கள்?

தமிழ்க் கிறிஸ்தவர்களிடமிருந்து இதற்கு ஒரு மறுமொழி வந்தது. நேரடியாக இராமநாதனுக்கு எழுதியதாக அல்ல. ஆனால் அதே யோவானை எடுத்துக்கொண்டு, அதே தமிழ்ப் பக்தி இலக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தது. ஏ. ஜே. அப்பாசாமி பாளையங்கோட்டைக்காரர்; தந்தை சைவத்திலிருந்து கிறிஸ்தவரானவர். தமிழ் அடியார் பாடல்களையும் நான்காம் சுவிசேஷத்தையும் ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயரானார். யோவான் 10ஆம் அதிகாரத்தில் தாமும் பிதாவும் ஒன்றே என்று இயேசு சொல்வதை அத்வைத ஐக்கியமாகப் படிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அது அன்பாலும் சித்தத்தாலும் ஒன்றுபடுவது. ஒருவரை ஒருவர் நேசிக்க இருவர் வேண்டும். மாணிக்கவாசகரைத் தோய்ந்து படித்தவர் சொன்ன பதில் என்பதால் இதன் எடை கூடுகிறது. அப்பாசாமியின் பக்கம் என் மனம் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. உள்நிலையாக மட்டும் இயேசுவைக் கரைத்துவிட்டால், பிலாத்துவின் ஆட்சியில் ஆணி அடிக்கப்பட்ட மனிதர் எங்கே போனார் என்ற கேள்வி தொண்டையில் நிற்கிறது.

அந்தக் கேள்வி இராமநாதனின் வாழ்க்கையிலும் நிற்கிறது. 1915இல் இலங்கையில் மூண்ட கலவரத்துக்குப்பின் இராணுவச் சட்டத்தில் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக, போர்க்காலக் கடல் தாண்டி லண்டன் போய் வாதாடியவர் அவர். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பெரியவர்களே வண்டியை இழுத்துப் போனார்கள். அதே இராமநாதன், இலங்கை அரசியலைச் சீர்திருத்த வந்த டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்குரிமை என்று சொன்னபோது அதை எதிர்த்தார். எழுத்தறியாத கூலியாளுக்கும் பெண்ணுக்கும் வாக்கு எதற்கு என்ற எண்ணம் அவர் வகுப்பாரின் எண்ணம்; அதை அவர் தாண்டவில்லை. 1930இல் முதிய வயதில் லண்டன் போய் அந்த அரசியல் திட்டத்துக்கு எதிராக மன்றாடினார். அந்த ஆண்டு நவம்பர் 26இல் காலமானார். மறு ஆண்டு இலங்கையில் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது.

மத்தேயு 25இன் பிற்பகுதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், காவலில் இருப்பவரைப் பார்க்கப் போவது. கடைசி நாளில் கேட்கப்படும் கணக்கு அவ்வளவுதான் என்று அந்தப் பகுதி முடிகிறது. இதிலும் பசியை ஆன்மப் பசியாகவும் சிறையை ஆணவச் சிறையாகவும் படிக்க வழி இருக்கிறது. அப்படிப் படிக்கும் அதே நாளில் வாசலில் நிற்பவரின் வயிற்றுப் பசி தீரவில்லை என்றால் அந்த வாசிப்பை நான் ஏற்க மாட்டேன். சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து வந்த நம் முன்னோர்களுக்குக் கடல் கடல்தான், புயல் புயல்தான். அவர்களில் ஜெபிக்கத் தெரிந்தவர்கள் மத்தேயு 8ஐ வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள் என்றால், படகு கவிழக் கூடாதென்று சொல்லியிருப்பார்கள். அகஸ்டின் சபையாரிலும் மீன் பிடிக்கிறவர்கள் இருந்திருப்பார்கள். அவர் உள்ளலையைப் பற்றிப் பேசியது வெளியலை பொய் என்று சொல்வதற்காக அல்ல.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முயன்ற வாசிப்பு நம் பக்கத்தில் பின்னர் எழுந்தது. 1950இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் ஜூல் மோன்சானன், ஆன்ரி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனத்தை நிறுவினார்கள். லெ சோ, அபிஷிக்தானந்தர் என்ற பெயரில், திருவண்ணாமலைக் குகைகளில் உட்கார்ந்து யோவானைப் படித்தார். தம் கிறிஸ்தவ விசுவாசத்தையும் அத்வைத அனுபவத்தையும் ஒன்றாக்க முடியாமல் பட்ட வேதனையை நாட்குறிப்பில் ஆண்டுக்கணக்காக எழுதிவைத்தார். இராமநாதனின் உரையில் இல்லாதது அந்த வேதனைதான். அவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. விசுவாசத்துக்குள்ளிருந்து படித்தவருக்கு அத்தனை எளிதில் தெளியவில்லை.

சாந்திவனத்தின் கதை இந்தத் தொடரின் பாதையிலிருந்து விலகியது. அதைத் தனியே எழுத வேண்டும். அடுத்த இதழில் 1903ஆம் ஆண்டு ரங்கூனுக்கே திரும்புவோம். மெத்தேய்யவின் இதழுக்கும் சங்கத்துக்கும் கைப்பணம் தந்து நிறுத்திய ஹ்லா அவுங் அம்மையாரைப் பற்றியும், அதே ஆண்டில் ரங்கூனுக்கு வந்து துறவு பூண்டு, பின்னர் இலங்கையில் தீவாசிரமம் கண்ட ஜெர்மானியர் ஞானதிலோகரைப் பற்றியும் பார்ப்போம்.